டாக்டர் வருமுன் இறந்த நோயாளியின் மனு

பெறுநர்: ஆங்கில வினாத்தாள் தயாரிப்புக் குழுவினர்
பொருள்: எனது மரணத்துக்கு 'ஹேட்' கட்டாயமா என்பது தொடர்பாக

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

'தி பேஷன்ட் ஹேட் டைட் பிஃபோர் தி டாக்டர் கேம்.' அந்த பேஷன்ட் அடியேன்தான். தலைமுறை தலைமுறையாகப் பரீட்சை ஹாலில் செத்துக்கொண்டிருக்கிறேன். என்ன நோய் என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை; என்ன டென்ஸ் என்றுதான் கேட்கிறார்கள்.

நம்மூரில் ஆங்கில இலக்கணம் என்றாலே ரென் அண்ட் மார்ட்டின் எழுதிய புத்தகம்தான். அந்த ரென் 1924-இல் 'போ ஜெஸ்ட்' என்றொரு நாவலும் எழுதினார். அதில் பாலைவனக் கோட்டையொன்றில் செத்த வீரர்களையே துப்பாக்கியோடு மதிலில் நிறுத்திவைத்திருப்பார்கள். செத்தவனிடம் வேலை வாங்குவது இந்தத் துறைக்குப் புதிதில்லை என்று தேற்றிக்கொள்கிறேன்.

என் குறை வேறு. ஒரு மாணவி 'ஹேட்' போடாமல் வெறும் 'டைட் பிஃபோர் தி டாக்டர் கேம்' என்று எழுதினாள். மார்க் போயிற்று. எது முந்தி, எது பிந்தி என்று 'பிஃபோர்' சொல்லிவிட்ட பிறகு சிம்பிள் பாஸ்ட் தாராளமாகப் போதும். ஆங்கிலேயரே அப்படித்தான் எழுதுகிறார்கள். 'ஆஃப்டர்' வந்தாலும் அதே கதைதான்.

'ஹேட்' இல்லாமல் முடியாத இடம் 'வென்'. 'வென் தி டாக்டர் கேம், தி பேஷன்ட் டைட்' என்றால் டாக்டர் வந்தார், நான் போய்ச் சேர்ந்தேன். பழி அவர் தலையில். 'ஹேட் டைட்' என்றால் அவர் வருமுன்பே என் கதை முடிந்துவிட்டது, மனிதர் தப்பித்தார். விசாரணைக் கமிஷனே வைக்கவேண்டிய வித்தியாசம் இது. நீங்களோ 'பிஃபோரைக் கண்டால் ஹேட் போடு' என்று சூத்திரம் பழக்குகிறீர்கள்.

அதில் தேறியவர்கள் வேலைக்குப் போய் 'ஐ ஹேட் சென்ட் தி மெயில் எஸ்டர்டே' என்று எழுதுகிறார்கள். எதற்கு முன்னால் அனுப்பினார்கள்? அடுத்த வரியில் தெரியும் என்று பார்த்தால் 'ரிகார்ட்ஸ்' என்று முடிகிறது. (நாம் தமிழில் 'அனுப்பியிருந்தேன்' என்று சொல்கிற பழக்கத்துக்கும் இதில் பங்குண்டு. அதற்கு உங்களைக் குற்றம் சொல்லமாட்டேன்.)

ஆகவே, 'பிஃபோர்' வாக்கியத்தில் இரண்டு விடைக்கும் மார்க் போடுங்கள். 'வென்' வாக்கியத்தில் கறாராக இருங்கள். ஒரு வருஷமாவது டாக்டரை எனக்கு முன்னால் வரவிடுங்கள். எப்படியும் சாகத்தான் போகிறேன். ஒரு ஊசியாவது போட்டுக்கொண்டு சாகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள
பேஷன்ட்

நகல்: டாக்டர் அவர்களுக்கு (வந்து சேர்ந்ததும் கொடுக்கவும்)