பள்ளம் இல்லாத பள்ளம்

கேள்வி: தெருவில் சாக்பீஸால் வரைந்த பள்ளத்தின் விளிம்பில் குடும்பமே தொங்குவதுபோல் போட்டோ எடுக்கிறார்களே, நேரில் அப்படித் தெரிவதில்லையே?

பதில்: பார்ப்பவருக்குக் கண் இரண்டு, கேமராவுக்கு ஒன்று. ஓவியர் கணக்குப் போடுவது அந்த ஒற்றைக் கண்ணுக்கு. அது இருக்கும் புள்ளியை முதலில் முடிவுசெய்து, அங்கிருந்து தூரம் கூடக் கூட உருவத்தை நீட்டிக்கொண்டே போவார். பக்கவாட்டில் நின்றால் எல்லாம் கோணல். புள்ளியிலேயே நின்றாலும் இரண்டு கண்ணும் கூடி, 'தரை தட்டைதான்' என்று மூளையிடம் கோள் சொல்லிவிடும்.

வித்தை பழையது. ரோமில் புனித இக்னேஷியஸ் தேவாலயத்துக்குக் குவிமாடம் கட்டவில்லை. 1685-ல் அந்திரேயா பொட்ஸோ துணியில் ஒன்றை வரைந்து கூரையில் பொருத்தினார். எங்கே நின்றால் அது நிஜமாகத் தெரியும் என்பதைத் தரையில் ஒரு பளிங்கு வட்டமே காட்டிக்கொடுக்கும். என்ன துணிச்சல்!

கூரையில் இருந்ததைத் தெருவுக்கு இறக்கியவர் கர்ட் வென்னர். நாசாவில் ஓவியராக இருந்த இந்த அமெரிக்கர், 1982-ல் வேலையை விட்டு இத்தாலிக்குப் போய்த் தெருவில் மண்டியிட்டு வரைந்தார். ஜெர்மானியரான எட்கர் முல்லர் 2008-ல் அயர்லாந்தின் டன் லேரியில் பனிப்பிளவையே தரையில் திறந்துவிட்டார்.

குடும்பப் படத்துக்கு ஒரே விதிதான்: போன் பிடிப்பவர் ஓவியர் குறித்த இடத்தை விட்டு நகரக்கூடாது. நகர்ந்தால், பாதாளத்தில் தொங்க வேண்டிய பாட்டி, படத்தில் நடுரோட்டில் ஹாயாகப் படுத்திருப்பார்.