கூழ்வத்தலுக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பானிய லென்ஸ்

எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொடிக்கயிற்றை இதுவரை முப்பத்தொரு லென்ஸ்களில் படம் எடுத்திருக்கிறேன். ஜெர்மன் லென்ஸில் காயும் லுங்கி, ரஷ்ய லென்ஸில் காயும் லுங்கி, ஜப்பான் லென்ஸில் காயும் லுங்கி என்று கணினியில் தனித்தனி ஃபோல்டர்கள் உண்டு. லுங்கி என்னவோ ஒன்றேதான். கல்யாண வீட்டில் யாராவது என்னைக் காட்டி, "சார் போட்டோகிராபரா?" என்று கேட்டால், என் மனைவி முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள்: "இல்லைங்க, லென்ஸ் வாங்குறவரு."

ஆரம்பித்து வைத்தது ஒரு ஜெனிட்-இ. ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடையில், கைப்பிடி இல்லாத இஸ்திரிப் பெட்டிக்கும் தலையில்லாத தஞ்சாவூர் பொம்மைக்கும் நடுவில் கிடந்தது. முகப்பில் ஒலிம்பிக் வளையங்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை ஒட்டி வந்த பதிப்பு. கடைக்காரர் அதைக் கையில் தூக்கி, கத்திரிக்காய் எடை பார்ப்பதுபோல் மேலும் கீழும் ஆட்டி, "இரும்பு சார், ஸ்ட்ராங்" என்றார். கேமராவைப் பற்றி இவ்வளவு நேர்மையான விமரிசனத்தை அதன்பின் நான் கேட்டதில்லை. அதன் ஷட்டரை அமுக்கினால் பக்கத்து வீட்டில் கதவு திறந்து யாரென்று பார்ப்பார்கள்.

கேமரா கிடக்கட்டும், அதன் மூக்கில் இருந்த லென்ஸ்தான் என்னைக் கெடுத்தது. ஹீலியோஸ் 44-2, 58 மில்லிமீட்டர், எஃப் 2. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ஜெர்மனியின் ஜெனா நகரில் கார்ல் ஸைஸ் செய்த பயோட்டார் லென்ஸின் வடிவத்தைத் தழுவி, போருக்குப் பிறகு மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் பிறந்தது. இதில் ஒரு முகத்தைப் படம் எடுத்தால் பின்னால் இருக்கும் மரம், இலை, வெளிச்சம் எல்லாம் முகத்தைச் சுற்றிக் கும்மியடிக்கும். காரணம் பெரிய மாயம் ஒன்றுமில்லை. ஓரத்திலிருந்து சாய்ந்து வரும் ஒளியின் ஒரு பகுதியை லென்ஸின் குழலே மறைத்துவிடுகிறது. அதனால் நடுவில் வட்டமாக விழும் ஒளிப்புள்ளிகள் ஓரத்தில் பாதாம் பருப்பாக ஒடுங்கி, நடுவைச் சுற்றி வரிசைகட்டி நிற்கின்றன. லென்ஸ் வடிவமைப்பவர்களின் கணக்கில் இது குறை. இதை ஒழிக்கத்தான் அவர்கள் ஆண்டுக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அவர்கள் கஷ்டப்பட்டு ஒழித்ததை நாங்கள் தேடிப்பிடித்துக் காசு கொடுத்து வாங்குகிறோம். புழுங்கலரிசியில் கல் இல்லையே என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதுபோலத்தான் இது.

முருங்கை மரத்தின் முன் மனைவியை நிறுத்தி எடுத்த முதல் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "மரம் நல்லா சுத்துதுங்க. என் மூஞ்சி எங்க?" என்றாள். எஃப் 2-இல் ஃபோகஸ் அவளுடைய ஜிமிக்கியில் விழுந்திருந்தது. ஜிமிக்கி மிகவும் துல்லியம்.

அந்தப் படத்துக்கே நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். ஹீலியோஸின் பின்புறம் எம்42 எனப்படும் மரை. லென்ஸைத் தாங்கும் வளையத்திலிருந்து ஃபிலிம் சரியாக 45.46 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால்தான் தொலைவில் இருப்பது தெளிவாக விழும். என்னிடம் அப்போது இருந்த டிஜிட்டல் எஸ்எல்ஆரிலோ அந்தத் தூரம் 46.5. ஒரு மில்லிமீட்டர்தானே என்று மலிவாக ஓர் அடாப்டர் வாங்கி மாட்டினேன். சில அடி தூரத்துக்குள் உலகம் பளிச்சென்று இருந்தது. அதற்கப்பால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, கோயில் கோபுரம், நிலா எல்லாம் பால் பாயசம். மாமனாருக்குக் கண்புரை வந்தபோது அவர் சொன்ன அறிகுறிகள் அத்தனையும் அந்தப் படங்களில் இருந்தன. 2008-இல் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் தலைகாட்டிய பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு விமோசனம். சிலவற்றில் அந்தத் தூரம் வெறும் 18 மில்லிமீட்டர். மிச்ச இடத்தில் அடாப்டரைச் செருகினால் எந்த நாட்டு லென்ஸும் எந்த உடம்பிலும் உட்காரும். இரும்பு விலைக்குக் கிடந்த லென்ஸ்கள் வெள்ளி விலைக்கு ஏறியதும் அதற்குப் பிறகுதான்.

பழைய லென்ஸ் விளம்பரங்களைப் படிப்பது தனிக் கலை. மணமகன் தேவை பகுதியைப் படித்துப் பழகியவர்களுக்கு எளிது. "வயதுக்கேற்ற தோற்றம்" என்றால் கீழே விழுந்தது. "லேசான தூசு, படத்தைப் பாதிக்காது" என்றால் உள்ளே மணல் வண்டி நிற்கிறது. "பரிசோதிக்கப்படவில்லை" என்றால் பரிசோதித்துவிட்டார்கள். ஃபங்கஸ் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டால், "உங்க ஊர் எது சார்?" என்று திருப்பிக் கேட்பார்கள். சென்னை என்றதும் நிம்மதியாகிவிடுவார்கள். எப்படியும் வந்துவிடும், இன்று வந்தால் என்ன, ஐப்பசியில் வந்தால் என்ன. ஈரத்தை உறிஞ்சட்டும் என்று ஒரு லென்ஸை அரிசி டின்னில் புதைத்தும் பார்த்தேன். ஈரம் போனதா தெரியாது, தவிடு உள்ளே போனது. இப்போது ரப்பர் வளையம் வைத்த டப்பாவும் சிலிக்கா ஜெல்லும்தான்.

ஒருமுறை பித்தளைப் பளபளப்பில் ஒரு லைக்கா சிக்கியது. மேலே ஜெர்மன் விமானப்படைக் கழுகு வேறு. கனவோடு வீட்டுக்கு வந்து, லென்ஸைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தேன். தூரம் அளக்கும் நெம்புகோலின் நுனியில் அசல் லைக்காவுக்குச் சின்ன உருளை இருக்கும். இதில் இருந்தது ஆப்பு. ஆம், ஆப்புதான், இரண்டு பொருளிலும். அது ஃபெட். 1934 முதல் கார்கிவ் நகரில், கல்வியாளர் மக்கரென்கோ நடத்திய ஆதரவற்ற சிறுவர்களின் கம்யூனில் லைக்காவைப் பார்த்துச் செய்யத் தொடங்கிய கேமரா. அதைச் சுரண்டி, கழுகு பொறித்து, முலாம் பூசி விற்பது பின்னாளில் ஒரு குடிசைத் தொழிலே ஆனது. விற்றவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பெற்றோரில்லாப் பிள்ளைகள் செய்த கேமரா என்பது கழுகைவிட எவ்வளவு பெரிய கதை! அதை அழித்துவிட்டு அந்தக் கழுகையா பொறிப்பார்கள்?

வீட்டில் விலை பற்றிய விசாரணை எழும்போதெல்லாம் நான் ஸ்டான்லி குப்ரிக்கை அழைப்பேன். ஸைஸ் நிறுவனம் 50 மில்லிமீட்டர், எஃப் 0.7 லென்ஸ் மொத்தம் பத்துதான் செய்தது. ஆறு நாசாவுக்குப் போயின. ஒன்றைத் தானே வைத்துக்கொண்டது. மூன்றைக் குப்ரிக் வாங்கி, 1975-இல் வந்த 'பேரி லிண்டன்' படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுத்தார். "அவர் சினிமா எடுத்தாரு. நீங்க லுங்கி எடுக்குறீங்க" என்பாள் மனைவி. விசாரணை ஒத்திவைக்கப்படும்.

சென்ற சித்திரையில் வந்து சேர்ந்தது சூப்பர் தக்குமார் 50 மில்லிமீட்டர், எஃப் 1.4. இதன் பின்புறமும் அதே எம்42 மரைதான். ஒளியை நன்றாக வளைப்பதற்காக அதன் கண்ணாடி ஒன்றில் அந்தக் காலத்தில் தோரியம் கலந்தார்கள். தோரியத்தின் கதிர்வீச்சு பல பத்தாண்டுகளில் அந்தக் கண்ணாடியையே தேநீர் நிறத்துக்குக் கொண்டுபோய்விடும். வைத்தியம் சுலபம். புற ஊதாக் கதிர் படும்படி சில நாள் வெயிலில் வைத்தால் பழுப்பு வெளுக்கும். எங்கள் மாடியில் வெயிலுக்குப் பஞ்சமா? அம்மா அப்பாவின் பழைய வேட்டியை விரித்துக் கூழ்வத்தல் பிழிந்து காயவைத்திருந்தார். ஓரத்தில் இடம் கேட்டேன்.

"என்னடா அது, பழுப்பா?"

"கதிர்வீச்சும்மா. பயப்படாதே, ரொம்பக் கம்மி. வத்தலை ஒண்ணும் செய்யாது."

"எப்பத் தீரும்?"

"பாதி தீரவே ஆயிரத்து நானூறு கோடி வருஷம் ஆகும்."

அம்மா பேசாமல் வத்தலை இரண்டு முழம் தள்ளி வைத்தார்.

சூடான பாத்திரம் வைக்கும் கம்பி ஸ்டாண்டை வேட்டியின் காலியான மூலையில் வைத்து, அடியில் அலுமினியத் தாளை விரித்து, லென்ஸைச் சூரியனைப் பார்க்க நிறுத்தினேன். காக்கை விரட்டும் வேலையும் என் தலையில். இரண்டு நாள் ஒழுங்காகப் போயிற்று. மூன்றாம் நாள் மதியம் கண்ணயர்ந்துவிட்டேன். காற்றில் தாள் பறந்துவிட்டது. கருகல் வாசனைக்கு அம்மா மாடியேறி வந்து போட்ட சத்தத்தில்தான் எழுந்தேன்.

வேட்டியில் ஒரு கோடு. நூல் பிடித்தாற்போல மெல்லிய, கருகிய, ஓர் அங்குலக் கோடு. சூரியன் வானத்தில் நகர நகர, அதன் பிம்பமும் லென்ஸுக்கடியில் நகர்ந்து எரித்துக்கொண்டே போயிருக்கிறது. எங்கும் கலங்கவில்லை, ஓரம் பிசிறவில்லை. அம்மா திட்டிக்கொண்டிருக்கும்போதே ஸ்கேல் எடுத்து வந்து ஸ்டாண்டின் உயரத்தை அளந்தேன்.

நாற்பத்தைந்தரை மில்லிமீட்டர்.

அந்த ஸ்டாண்ட் இப்போது சிலிக்கா ஜெல் டப்பாவில், தக்குமாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாம்பார்ச் சட்டியை மடித்த செய்தித்தாள் மேல் வைக்கிறார்கள்.