பின்கதவுப் பாடத்திட்டம்

சமூக விழுமியங்களுக்குச் சரியான பாடநூல் இல்லாத குறையைத் தீர்த்துவைத்த பெருமை நாமக்கல்லின் லாரி பாடி கட்டும் பட்டறைகளையே சேரும். பின்கதவில் மஞ்சள் பெயிண்டால் ‘வேகம் விவேகமல்ல’ என்று எழுதி, எழுத்துக்குக் கறுப்பு நிழல் கொடுத்து, காய்ந்ததும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் இறக்கிவிடுகிறார்கள். அதற்குக் கீழே ‘மரம் வளர்ப்போம்’. சில வண்டிகளில் ஏற்றியிருப்பதும் மரமே.

இந்தக் கல்வியில் வாசகருக்கும் உழைப்பு உண்டு. புழுதி படிந்த எழுத்து பத்தடி நெருங்கினால்தான் தெரியும். நெருங்க, காரை எண்பதிலிருந்து நூறுக்கு ஏற்ற வேண்டும். விவேகத்தை எட்டிப்பிடிக்க வேகம் தேவைப்படுவது தத்துவப்படியும் சரிதான். சேலம் வந்து சேர்வதற்குள் தேர்ச்சி முழுமையாகிவிடும்: சிவப்பு விளக்கில் நிற்பவரை ஹாரன் அடித்து ஊக்குவிக்கும் பக்குவம் வந்திருக்கும்.

மேற்படிப்பு, விபத்து. அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவர்மீது வழக்கு வராது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, 2019-இல் சேர்த்தது. 2020-இன் விதிகளின்படி உதவியவர் பெயரைச் சொல்லவும் கட்டாயமில்லை. 2021 அக்டோபரில் மத்திய அரசு 5,000 ரூபாய் பரிசும் அறிவித்தது. கூடி நிற்பவர்கள் பெயரை மறைக்கும் உரிமையை மட்டும் கண்ணும் கருத்துமாகக் காக்கிறார்கள்; ஒருவரும் தம்மைக் காட்டிக்கொள்வதில்லை, செல்போன்தான் நீள்கிறது.

கடைசியில் அடிபட்டவரைத் தூக்கி ஏற்றுபவர் ஒரு முட்டை வண்டிக்காரர். அவர் வண்டியின் பின்கதவில் எழுத்து ஒன்றும் இல்லை. நடுரோட்டில் நிறுத்திவிட்டாரென்று பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள்.