சங்கு சாமி கையில இருக்கு மருமவனே

வீடு பால் காய்ச்சி நாலு மாசமாச்சு, மாமா இன்னும் எட்டிப் பாக்கலியேன்னு உங்கம்மாகிட்ட குறைபட்டுக்கிட்டியாம். நேத்து சாயங்காலம் வந்தேம்லே. வாசல்ல ஒரு நங்கூரம் சாத்தி வச்சிருந்துச்சு. யாரோ தூத்துக்குடிக்காரன் வீட்டுக்கு மாறி வந்துட்டோம்னு நெனச்சுத் திரும்பிட்டேன். ஒம் பொண்டாட்டி ஓடி வந்து கூப்புடலேன்னா, நேரா கோமதியம்மன் சந்நிதியில போயி உக்காந்திருப்பேன்.

உள்ள வந்தா சொவரு முழுக்க நீலமும் வெள்ளையும். நடுவீட்டுச் சொவத்துல மீன்வலை. மூஞ்சி பாக்குற கண்ணாடியைச் சுத்தித் தாம்புக்கயிறு. மேசையில ஒரு ஜாடி நெறையச் சிப்பியும் சங்கும். "என்ன மருமவனே இது?"ன்னேன். "கோஸ்டல் தீம் மாமா, பாண்டிச்சேரி மாதிரி"ன்னே. எங் காதுல கோஷ்டின்னு விழுந்துச்சு. நீ எப்பம்லே கோஷ்டி சேந்தேன்னு கேக்க வாயெடுத்து, புது வீட்டுல எதுக்கு வம்புன்னு காப்பியைக் குடிச்சிட்டு வந்துட்டேன். இப்ப சொல்லுதேன், கேளு.

அந்த வலை நைலான் வலை. மீனோட மூஞ்சியவே பாத்ததில்ல. சங்கரன்கோவில்ல அதுல என்ன விழும்? பல்லி விழும். அதுக்கும் நீதான் கோயில்ல தகடு வாங்கிப் போடணும்.

நாப்பது வருசம் கரண்டி புடிச்ச கொத்தன் நான். பாண்டிச்சேரியிலயும் ரெண்டு வருசம் பழைய வீடுகளுக்குப் பழுது பாத்திருக்கேன். நீ அங்க ரெண்டு நாள் போயி, மஞ்சச் சொவத்து முன்ன நின்னு எழுவது போட்டா எடுத்துட்டு வந்துருக்கே. அந்தச் சொவரு ஏன் அப்பிடி இருக்குன்னு ஒரு கொத்தன்கிட்டயாவது கேட்டியா?

1761-ல இங்கிலீசுக்காரன் அந்த ஊரைப் புடிச்சு இடிச்சுத் தரைமட்டமாக்குனான். நாலு வருசம் கழிச்சு பிரெஞ்சுக்காரன் திரும்பி வந்து மறுபடி கட்ட ஆரம்பிச்சான். தேக்கு உத்தரம், செங்கல்லு, சுண்ணாம்பு. கடலுக் காத்துல உப்பு இருக்குல்லா? சுண்ணாம்புச் சொவரு ஈரத்தைக் குடிக்கும், பெறவு வெளிய விட்டுரும். அதும்மேல சிமிண்டைப் பூசி மூடிட்டா ஈரம் போக வழியில்லாம, உப்பு பூத்துப் பொரிஞ்சு உதுந்துரும். சன்னலை நெட்டையா வச்சது காத்துக்கு, அதுக்கு மரச்சட்டக் கதவு போட்டது வெயிலுக்கு. உப்புக்கும் வெயிலுக்கும் மொதல்ல ஒரு வழி பண்ணுனான். அழகு பின்னால வந்து பக்கத்துல உக்காந்துக்கிச்சு.

நம்ம ஊருல உப்புத் தொல்லை அந்த உப்பு இல்லைலே, மண்ணு உப்புறது. கரிசலு மழை பேஞ்சா உப்பும், கோடையில சுருங்கி வெடிக்கும். ஆழத் தோண்டி மணலு நெரவி அஸ்திவாரம் போடலேன்னா சொவரு வாயைப் பொளக்கும். நேத்து ஒங்க வலையை லேசா வெலக்கிப் பாத்தேன். உள்ள ஒரு விரிசலு, வெரலு போகுது. வலை எதுக்கு மாட்டிருக்கேன்னு அப்பதான் புரிஞ்சுது. பரவால்ல, ஒரு பெரிய மீனைத்தான் புடிச்சு வச்சிருக்கே.

பாண்டிச்சேரி ஆசிரமத்துல கோல்கொண்டேன்னு ஒரு விடுதி இருக்கு. 1937-ல கட்ட ஆரம்பிச்சது. செக் தேசத்துல பொறந்து ஜப்பான்ல தொழில் பண்ணுன அந்தோனின் ரேமண்டு வரைஞ்சு குடுத்தாரு, அவருகிட்ட வேலை பாத்த ஜார்ஜ் நகாஷிமா கூடவே நின்னு கட்டுனாரு. நம்ம நாட்டுல கான்கிரீட்டுல எழும்புன மொத நவீனக் கட்டடங்கள்ல அது ஒண்ணு. அறைக்குக் கண்ணாடிச் சன்னலே கெடையாது. தரையிலேருந்து கூரை வரைக்கும் கையால திருப்புற பட்டைகள்தான். காத்து வேணும்னா தெற, சாரலடிச்சா மூடு. கூப்புடு தூரத்துல கடலை வச்சுக்கிட்டே கண்ணாடி வைக்கல அவங்க.

நீ மேக்காம ஆளுயரத்துக்குக் கண்ணாடி வச்சிருக்கே. தெறக்கவும் முடியாது. கடலு எங்கன்னு எட்டிப் பாத்தேன், எதுத்த வீட்டு விசைத்தறிக் கொட்டகை தெரியுது. அலைச்சத்தம் போடுற டப்பா ஒண்ணு வேற வாங்கியிருக்கே. ராப்பகலா தறி அடிக்கிற ஊருல இருந்துக்கிட்டு சத்தத்தைக் காசு குடுத்து வாங்குனவன் நீ ஒருத்தன்தாம்லே. ஆனி ஆடியில செங்கோட்டைக் கணவா வழியா வர்ற காத்துல ஊரைச் சுத்திக் காத்தாலை ஓட்டிக் கரண்டு எடுக்கான். நீ அதே காத்தைக் கண்ணாடிக்கு வெளிய நிறுத்திட்டு, அந்தக் கரண்டையே வாங்கி ஏ.சி. போடுதே.

இன்னொண்ணு. பாண்டிச்சேரியில நீ பாத்தது பாதி ஊரு. வாய்க்காலுக்கு மேக்க தமிழ்த் தெருவு. அங்க வைசியாள் வீதின்னு ஒண்ணு. தெருவைப் பாத்துத் திண்ணை, மரத்தூணு தாங்குற தாழ்வாரம். சில வீட்டுல அண்ணாந்து பாத்தா மாடி மட்டும் பிரெஞ்சு, வளைவுச் சன்னலு. நம்ம சங்கரநாராயணரு வலக்கையில மழுவும் இடக்கையில சங்குமா நிக்காருல்லா, அந்த மாதிரி. ரெண்டும் ஒட்டி நிக்குன்னா, ஒடம்பு ஒண்ணா இருக்கதுனாலதான். ஒன் வீட்டுல ஒடம்பைக் காணோம், சங்கு மட்டும் ஜாடியில கெடக்கு.

அந்தத் தெருவைப் பழசு மாறாமச் செப்பனிட்டதுக்கு 2008-ல யுனெஸ்கோ விருது குடுத்துச்சு. திண்ணைக்கும் சேத்துத்தான் விருது. இப்ப சொல்லு, உங்க தாத்தா கட்டுன திண்ணையைக் காரு நிறுத்தணும்னு இடிச்சது யாரு? நாலு தேக்குத் தூணையும் பழைய சாமான்காரனுக்குத் தூக்கிக் குடுத்தது யாரு? நேத்து ஒம் பொண்டாட்டி மாடிப்படி ஓரத்துல நிக்கிற ஒத்தைத் தூணைக் காட்டி, பாண்டிச்சேரியில வாங்குனதுன்னு வெலையையும் சொன்னா. எனக்குப் பொரையேறிட்டு. கூரையைத் தாங்குன நாலை வித்துட்டு, ஒண்ணையும் தாங்காத ஒண்ணை வாங்கியிருக்கே. யாவாரத்துல நீ உங்கப்பனையே மிஞ்சிட்டே.

இடைசெவல் கி. ராஜநாராயணனைத் தெரியும்லா? நம்ம கரிசக்காட்டு மனுசன். பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்துக்கு நாட்டுப்புறக் கதை வேலைக்குப் போனவரு, 2021-ல கண்ணை மூடுற வரைக்கும் அந்தக் கடக்கரை ஊருலதான் குடியிருந்தாரு. கடக்காத்தை வாங்கிக்கிட்டுக் கரிசக்காட்டுப் பேச்சைத்தான் பேசுனாரு, அதைத்தான் எழுதுனாரு. அவரு இங்கேருந்து ஊரையே அங்க கொண்டு போனாரு. நீ அங்கேருந்து ஒரு வலையைக் கொண்டு வந்துருக்கே.

ஒண்ணையும் ஒடைக்கச் சொல்லல. மேக்குக் கண்ணாடியைக் கழத்திட்டுத் திருப்புற மரச்சட்டம் வையி. புழுதிக்கு நம்ம ஊருத் தறியில நெஞ்ச துணியைத் திரையாப் போடு. சோபாவுல மூணு பேருதான் உக்காரலாம், பத்தமடைப் பாயை விரிச்சா ஆடித்தபசுக்கு வர்ற சொந்தம் பூராவும் உக்காரும். தண்ணிக்குக் காருகுறிச்சிப் பானை. சிப்பி மேல அம்புட்டு ஆசைன்னா கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கு, நானே வந்து உள்சொவத்துக்கு அடிச்சுத் தாரேன். கடலு சொவத்துலயே ஏறிக்கிடும், ஜாடியில ஊறுகாயி போட்டுக்கலாம். மொதல்ல அந்த விரிசலை ஒரு நல்ல கொத்தன்கிட்ட காட்டு.

நங்கூரத்தை என்ன செய்யன்னு யோசிக்காதே. காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, வாசல்ல ரெண்டு முழ அகலத்துல ஒரு திண்ணையைக் கட்டு. அழகுக்குப் பழம்பொருள் ஒண்ணு வாசல்லயே இருக்கணும்னு ஒன் வீட்டுக்குப் படம் போட்டுக் குடுத்தவன் சொன்னானாமே? நான் வந்து உக்காந்துக்கிடுதேன். எழுவத்தாறு வருசத்துச் சாமான், வெலை கெடையாது. நாலு மணிக்கு ஒரு டம்ளர் காப்பி குடுத்தாப் போதும்.