சத்தியியல்: பரந்தன் சந்தி தொடங்கி நயினாதீவு இறங்குதுறை ஈறாக ஓர் ஆய்வு

கடல் மயக்கம் பற்றி அறிய முல்லைத்தீவிலோ நாச்சிக்குடாவிலோ ஆள் தேடுவது வீண் வேலை. கடலில் பிழைப்பவர்களிடம் போய் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்; சிரிப்பைத் தரவாக ஏற்க எந்தப் பல்கலைக்கழகமும் சம்மதிப்பதில்லை. இந்த நோயை ஆராய, கடலுக்குப் பழக்கமில்லாத, ஆனால் வருசத்துக்கு ஒருமுறையாவது கடலேற வேண்டிய ஊர் ஒன்று வேண்டும். அந்த வகையில் பரந்தனை விடப் பொருத்தமான களம் வட மாகாணத்தில் இல்லை என்பது இவ்வாய்வாளரின் துணிபு. ஊடறுத்துப் போவது ஏ9. ஒரு பக்கம் முல்லைத்தீவுக்குப் பிரியும் ஏ35, மறுபக்கம் பூநகரி வீதி. சுற்றிவர இரணைமடுத் தண்ணீரில் விளையும் வயல். ஆனையிறவிலிருந்து உப்புக் காற்று வரும், அலை வராது. ஒரு காலத்தில் ஆனையிறவு உப்பைக் கொண்டு இங்கிருந்த இரசாயனத் தொழிற்சாலை கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தது. கடலோடு ஊருக்கு இருந்த உறவு அவ்வளவுதான். அதுவும் மூட்டையில் வந்த உறவு.

ஆயினும் ஆனி மாதம் நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குக் கொடியேறிவிட்டால் ஊர் அசையத் தொடங்கும். பஸ் பிடித்து யாழ்ப்பாணம், பண்ணை, வேலணை, புங்குடுதீவு எல்லாம் கடந்து குறிகாட்டுவானில் இறங்கிப் படகேற வேண்டும். கடற்பயணம் கால் மணித்தியாலம், கூடிப்போனால் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்கான பயம் இரண்டு நாள் முந்தியே தொடங்கிவிடும். ஆனி என்பது சோளகம் வீசும் காலம் என்பதையும் வாசகர் மனத்தில் இருத்துக. திருவிழா மாசியில் வந்திருந்தால் இக்கட்டுரைக்குத் தேவையே இருந்திராது.

நோயின் பருவங்களை முதலில் வகுத்துக்கொள்வோம். முதலாவது கொட்டாவி. நித்திரைக் கொட்டாவிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் கள ஆய்வுக்கு உதவமாட்டார்கள். அடுத்தது மௌனம்: பளையிலிருந்து நெல்லு விலையும் உர விலையும் கதைத்துக்கொண்டு வந்த மனிதர் சாவகச்சேரியில் வசனத்தைப் பாதியில் விடுவார். பிறகு வாயில் நீர் ஊறும், முகம் வெளிறும், நெற்றியில் குளிர்ந்த வியர்வை அரும்பும். "என்னப்பா, ஒரு மாதிரி இருக்கிறியள்?" என்று மனைவி கேட்பதும், "எனக்கு ஒண்டும் இல்லை" என்று அவர் சொல்வதும் இப்பருவத்தின் அறிகுறிகளே, வியர்வை வரைக்கும் சொல்லும் மருத்துவ நூல்கள் இதை ஏனோ விட்டுவிடுகின்றன. அதன்பின் ஓங்காளம். ஓங்காளத்துக்கும் சத்திக்கும் நடுவில், சொப்பிங் பாக் தேடுவதற்கென்று இயற்கை சிறிது நேரம் ஒதுக்கியிருக்கிறது. அது ஒருபோதும் போதுவதில்லை.

சாவகச்சேரி தரையில் இருக்கிறது என்பதைக் கவனிக்க. நோயாளி இன்னும் கடலைக் காணவில்லை. கடல் மயக்கமும் பஸ் மயக்கமும் ஒரே வியாதி. ஒன்றுக்கு டிக்கெற் கொண்டக்டர் தருகிறார், மற்றதற்குப் படகுக்காரர். இதனால் ஊரில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி ஆனையிறவு வழியாகப் போவதே சுகம் என்கிறது. மறுகட்சி, 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் பூநகரி வழியே வயிற்றுக்கு நல்லது என்று வாதிடுகிறது. இருபக்கமும் வெட்ட வெளியாக நீர் விரிந்து, வானும் நீரும் தொடும் கோடு நேராகத் தெரியும் இடம் அந்தப் பாலம். கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்கிறது. இரண்டாம் கட்சியின் பக்கம் நியாயம் இருப்பதன் காரணத்தை இனி வரும் பகுதி விளக்கும். பாலத்துக்கு முன் அங்கே ஓடிய மிதவைப் பாதையில் போனவர்கள் இருகட்சியையும் மதிப்பதில்லை.

குற்றவாளி வயிறு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். குற்றம் நடப்பது காதில். உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது அவற்றிலுள்ள நீர்மம் சற்றுப் பின்தங்கி, அந்தத் திருப்பத்தை மூளைக்கு அறிவிக்கும். பக்கத்திலுள்ள நுண்ணிய கல் துகள்கள் ஏற்ற இறக்கத்தை அறிவிக்கும். படகின் கீழ்த்தட்டில் குந்தியிருப்பவருடைய கண் பலகைச் சுவரைப் பார்த்து "ஒண்டும் அசையேல்லை" என்று எழுதி அனுப்புகிறது. காது "எழும்புது, விழுகுது" என்று எழுதி அனுப்புகிறது. இரண்டு கிராம சேவகர்கள் ஒரே காணிக்கு இரண்டு பேரின் பெயரில் கடிதம் கொடுத்தால் கச்சேரியில் என்ன நடக்குமோ, அதுதான் மூளையில் நடக்கிறது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1882இலேயே, செவிப்புலன் இல்லாதவர்களில் பலருக்குத் தலைச்சுற்று வருவதில்லை என்று எழுதினார். உட்காது பழுதானால் கடிதம் ஒன்றுதான், பிணக்கும் இல்லை.

இனி இவ்வாய்வின் மையக் கேள்வி. நாள் முழுக்க லான்ட்மாஸ்ரரில் குலுங்கிக் குலுங்கி வயல் வரம்பெல்லாம் ஓடித் திரிந்து, எலும்பு கழன்றாலும் வயிறு கலங்காத விவசாயி, தாலாட்டுவது மாதிரி ஆடும் படகில் ஏன் கவிழ்ந்து விழுகிறார்? பரந்தனில் இதற்குக் கிடைக்கும் விடை, "அது தரை, இது தண்ணி" என்பது. போதாது. அமெரிக்காவில் ஒரு சிறு அறையை மேலும் கீழுமாக வெவ்வேறு வேகத்தில் ஆட்டி, உள்ளே ஆட்களை இருத்திச் சோதித்தார்கள். முடிவு 1974இல் வெளிவந்தது. ஏறக்குறைய ஐந்து விநாடிக்கு ஒருமுறை எழும்பி விழும் ஆட்டமே மிகக் கொடியது. அதைவிட விரைவாகக் குலுங்கக் குலுங்கச் சத்தி குறைகிறது. லான்ட்மாஸ்ரர் ஒரு விநாடிக்குள் பலமுறை குலுக்கும். அது முதுகெலும்பின் எதிரி, வயிற்றின் நண்பன். பெரிய அலையில் மெதுவாக ஏறி இறங்கும் படகோ சரியாக அந்த ஐந்து விநாடியைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே குலுக்கத்தைக் கண்டு பயப்படாதீர்கள், மென்மையைக் கண்டு பயப்படுங்கள் என்று படகேறுவோருக்கு அறிவிக்க வேண்டியிருக்கிறது. மெத்தென்ற சீற்றும் குளிரூட்டலும் உள்ள சொகுசு பஸ்ஸில் போனவர் பழைய இ.போ.ச. பஸ்ஸில் போனவரை விடக் கூடுதலாக வதங்கி இறங்குவது ஏன் என்பதும் இதனால் ஓரளவு விளங்கும்.

ஆட்டத்தையே நிறுத்திவிட்டால் என்ன என்று நினைத்த மனிதரும் உண்டு. உருக்குச் செய்யும் முறையால் உலகப் புகழ் பெற்ற ஹென்றி பெசமர், 1868இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும்போது படாத பாடு பட்டார். பட்டவர் சும்மா இருக்கவில்லை. கப்பல் எப்படி ஆடினாலும் உள்ளே பயணிகள் மண்டபம் மட்டும் ஆடாமல் நிற்க வேண்டும் என்று, தொங்கும் மண்டபத்தோடு ஒரு கப்பலையே கட்டுவித்தார். ஓர் ஆள் ரசமட்டத்தைப் பார்த்துப் பார்த்து நீரியல் பொறியால் மண்டபத்தைச் சமப்படுத்த வேண்டும். 1875 மே 8ஆம் தேதி பொதுப் பயணம் புறப்பட்டது. அன்று மண்டபத்தை அசையாமல் பூட்டி வைத்திருந்தார்கள். கப்பல் திசைக்கு அடங்காமல் கலே துறைமுகத்து அணையில் போய் மோதியது. கம்பனியும் அதோடு முடிந்தது. ஆட்டம் நிற்கவில்லை, பணம் நின்றது. நயினாதீவுப் படகுக்காரர் எவரும் இம்முயற்சியைத் தொடராதது அவர்களுடைய அறிவுக்குச் சான்று.

காதும் கண்ணும் பிணக்குப்பட்டால் வயிறு ஏன் தண்டம் கட்ட வேண்டும்? ஒக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த மிஷெல் ட்ரீஸ்மன் 1977இல் ஒரு விளக்கம் முன்வைத்தார். கண்ணும் காதும் முரண்படும் நிலை இயற்கையில் நஞ்சு தின்றவனுக்குத்தான் வரும். எனவே மூளை, "இவன் ஏதோ கெட்டதைத் தின்றுவிட்டான்" என்று எண்ணி வெளியே தள்ளச் சொல்கிறது. இது இன்னும் கருதுகோள்தான். ஆனால் பரந்தனில் இதை எந்த அம்மம்மாவும் ட்ரீஸ்மனுக்கு முன்பே சொல்லியிருப்பார். பிள்ளை சத்தி எடுத்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி, "காலமை என்ன சாப்பிட்டனீ?" மூளையும் அம்மம்மாவும் ஒரே நேரத்தில் காலைச் சாப்பாட்டைச் சந்தேகிக்கிறார்கள். இருவருமே பிழை; பிட்டு நிரபராதி. நிரபராதிதான் முதலில் வெளியேற்றப்படுகிறது. இதை வைத்து வெறும் வயிற்றோடு போவது உத்தமம் என்று முடிவுகட்டக் கூடாது. நெய்யும் பொரியலும் தவிர்த்து இலேசாகச் சாப்பிட்டவர் நன்றாகச் சமாளிக்கிறார். ஒன்றும் சாப்பிடாதவர் ஓங்காளித்து ஓங்காளித்து, எடுப்பதற்கு எதுவுமின்றி வேதனைப்படுகிறார்.

யாருக்கு வராது? இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அநேகமாக வராது. அதற்கு மேல் பன்னிரண்டு வரையான பிள்ளைகளே அதிகம் படுபவர்கள். அடுத்தது, ஓட்டுபவருக்கு வராது. பஸ் சாரதி சத்தி எடுத்ததை யார் கண்டது? எங்கே திரும்பப் போகிறது, எப்போது பிரேக் விழும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். காதுக்கு எந்த அதிர்ச்சியும் இல்லை. இங்கேதான் வன்னி பஸ்களில் ஒரு மாபெரும் மருத்துவக் கண்டுபிடிப்பு கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. சாரதிக்குப் பின் சீற்றில் ஒரு ஐயா எப்போதும் இருப்பார். காலால் இல்லாத பிரேக்கை மிதிப்பார். "தம்பி, மாடு நிக்குது, பாத்து" என்பார். வளைவுக்கு முன்பே உடம்பைச் சாய்ப்பார். ஊர் அவரைத் தொல்லை என்று சொல்லும். அவர் ஒருநாளும் சத்தி எடுத்ததில்லை. படகிலும் இதையே செய்யலாம். சுக்கான் பிடிப்பவரின் பக்கம் நின்று, வரும் அலையைப் பார்த்து முழங்காலைத் தளர்த்திக் கொடுப்பவர் தப்புகிறார். போனில் வீடியோ பார்ப்பவர் மாட்டுகிறார்.

இருக்கும் இடமும் முக்கியம். அணியம்தான் அதிகம் எழும்பி விழும்; நடுப்பகுதி குறைவாக ஆடும். இளைஞர் அணியத்துக்கு ஓடுவது செல்பிக்காக. அனுபவசாலி நடுவில் நிற்பது வயிற்றுக்காக. கீழ்த்தட்டு இரண்டு வகையிலும் கேடு: கண்ணுக்குக் கடல் தெரியாது, மூக்குக்கு டீசல் தெரியும். மேலே காற்றுப்பட நின்று, அசையாத ஒன்றைத் தூரத்தில் பார்க்க வேண்டும். உலகெங்கும் மருத்துவர்கள் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். குறிகாட்டுவானிலிருந்து புறப்படுபவருக்கு அதைவிட மேலான வசதி இருக்கிறது: எதிரே அம்மன் கோயில் இராசகோபுரம். அது ஆடாது. தொலைவில் இருக்கிறது. போகும் திசையிலும் இருக்கிறது. பக்தி மிகுந்தவர்கள் கோபுரத்திலிருந்து கண்ணெடுக்காமல் கைகூப்பிக்கொண்டு போய் நலமாக இறங்குவதை அம்மன் அருள் என்கிறார்கள். இவ்வாய்வாளர் மறுக்கவில்லை, அருள் உட்காது வழியாகவும் வரக்கூடும் என்று மட்டும் குறிக்கிறார். திரும்பும் பயணத்தில் கோபுரம் முதுகுப் பக்கம் போய்விடுகிறது. திருநீறு பூசிய நெற்றிகளில் குளிர் வியர்வை காணப்படுவது பெரும்பாலும் அப்போதுதான்.

கிளாலி பற்றிச் சொல்லாவிட்டால் ஊரில் பெரியவர்கள் இந்த ஆய்வை ஏற்கமாட்டார்கள். 1990இல் போரால் ஆனையிறவுப் பாதை மூடுண்டபின், முதலில் கொம்படி–ஊரியான் பக்கமாகவும் பிறகு கிளாலிக் கடலாலும் சனம் போய்வந்தது. இருட்டில், வெளிச்சமில்லாமல், வள்ளத்தில். தொடுவானம் தெரியாத இரவுப் பயணத்தில் எல்லோரும் சத்தி எடுத்திருக்க வேண்டும் என்கிறது கோட்பாடு. கேட்டுப் பார்த்தால், அப்படி ஒன்று நினைவில்லை என்கிறார்கள். கடல்நீரேரி ஆழம் குறைந்தது; அங்கே எழுவது சின்னச் சின்ன அலை, படபடவென்று அடிக்கும், ஐந்து விநாடி நீளாது. லான்ட்மாஸ்ரர் விதி இங்கும் செல்லும் என்பது ஒரு விளக்கம். "உயிர் கையில இருக்கேக்க வயிறு இருக்கிறது ஆருக்குத் தெரியும்?" என்பது ஒரு முதியவர் தந்த விளக்கம். அந்தக் கடலோடு போனவர்களை நினைத்தால் இரண்டில் எது சரி என்று வழக்காட மனம் வரவில்லை.

வன்னிக் குடியேற்றங்களுக்குத் தீவுப் பகுதியிலிருந்து வந்த குடும்பங்கள் சில, தங்களுக்கு இந்த நோய் பரம்பரையாகவே வராது என்று பெருமை பேசுவதுண்டு. தாத்தா நெடுந்தீவுக் கடலில் கஞ்சி குடித்தபடி வந்தாராம். உண்மையாக இருக்கலாம். ஆனால் கடல் பழக்கம் தொடர்ந்து இரண்டு மூன்று நாள் கடலில் கிடந்து பெறுவது. கரையில் இருந்தால் கரைந்துபோவது. காணி உறுதி போலப் பேரனுக்கு எழுதி வைக்க முடியாது. ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சனே வாழ்நாள் முழுக்கக் கடல் மயக்கத்தால் வருந்தியவர். டார்வின் 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றியபோது சுருண்டு கிடந்த நாட்கள் ஏராளம்; உலர்ந்த திராட்சை மட்டும்தான் வயிறு ஏற்றதாம், அதாவது நம் பாயசத்தில் போடும் பிளம்ஸ். குறிகாட்டுவானிலிருந்து வடதாரகைப் படகில் ஒரு மணித்தியாலம் போய் நெடுந்தீவு இறங்கும் பேரன் வெளிறினால் அதில் மானக்கேடு எதுவும் இல்லை. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் தொடங்கிய கப்பல் பயணம் நான்கு மணித்தியாலம் அளவில் வரும். பரம்பரைப் பெருமை பேசுபவர்களை அதில் ஏற்றிச் சோதிப்பது அடுத்த கட்ட ஆய்வு.

மருந்துகளில் தேசிக்காய்க்கு முதலிடம். முகர்வதற்கும் நகத்தால் கீறுவதற்கும் பயன்படும் தேசிக்காய் டீசல் மணத்தை மறைக்கும். அதைவிட முக்கியமாகக் கைக்கு ஒரு வேலை கொடுக்கும். அது தாண்டிய மகிமை எதையும் இவ்வாய்வாளர் காணவில்லை. இஞ்சியின் கதை வேறு. கடலுக்குப் புதிய 80 டென்மார்க் கடற்படை மாணவர்களிடம் நடத்திய சோதனை 1988இல் வெளிவந்தது. இஞ்சித்தூள் உண்டவர்கள் சத்தியும் குளிர் வியர்வையும் குறைந்தவர்களாக இருந்தார்கள். இஞ்சிப் பிஸ்கற் பக்கற்றோடு படகேறும் அன்ரிமாரை இனிக் கேலி செய்வதற்கில்லை.

கடைசியாக மாத்திரை. டைமென்ஹைட்ரினேற் 1947இல் அமெரிக்காவில் தோல் தடிப்புக்கென்று கொடுத்துப் பார்த்த மருந்து. அதை விழுங்கிய ஒரு பெண்மணி, ட்ராம் வண்டியில் வழக்கமாக வரும் மயக்கம் வரவில்லையே என்று சொன்னதால்தான் அதன் உண்மைக் குணம் தெரியவந்தது. புறப்படுவதற்கு அரை மணி, ஒரு மணித்தியாலம் முன்பே எடுக்க வேண்டும். ஓங்காளம் தொடங்கியபின் விழுங்கினால் அதுவும் பிட்டோடு போய்விடும். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. நித்திரை வரும் என்பது பெட்டியிலேயே எழுதியிருக்கிறது, எவரும் வாசிப்பதில்லை. போகும்போது ஒன்றும் வரும்போது ஒன்றுமாகப் போட்டுக்கொண்ட ஒருவர், ஒருமுறைகூடச் சத்தி எடுக்காமல், வவுனியா பஸ்ஸில் பரந்தன் சந்தியைக் கடந்து, கிளிநொச்சியையும் கடந்து மாங்குளத்தில் கண்விழித்தார். மிச்சத் தூரத்துக்குக் கொண்டக்டர் கேட்ட காசு பஸ் செலவா, வைத்தியச் செலவா என்று அவருக்கும் மனைவிக்கும் இடையில் இன்னும் தீரவில்லை.