சுவர் அழுகிறது

எங்கள் ஊரில் தண்ணீர் ஒளிந்து பழகியதில்லை. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது, இருந்ததெல்லாம் கிணறு. எட்டிப் பார்த்தால் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். துலாவில் ஏறி ஒருவர் மிதிக்க, மற்றவர் பட்டையைக் கவிழ்க்க, அது வாய்க்கால் வழியே எந்த வாழைக்குப் போகிறது, எந்த மிளகாய்ப் பாத்திக்குத் திரும்புகிறது என்பதெல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே நடக்கும். எங்கள் வீட்டு வாளியின் அடியில் ஒரு துளை இருந்தது. கிணற்றடியிலிருந்து குசினி வரைக்கும் அது ஒழுகிக்கொண்டே வரும். அந்த ஒழுக்கை நம்பி வழியோரத்தில் ஒரு கறிவேப்பிலை மரமே வளர்ந்து நின்றது. வாளியை ஒட்டிக்கொண்டு வா என்று ஐயா தந்த காசில் நான் படம் பார்த்தது வேறு கதை. ஆனால் ஒழுக்கு என்பது ஒரு விபத்து, அதற்கென்று படிவம் உண்டு, காப்புறுதி உண்டு, அதைத் தேடிப் பிடிப்பதற்கென்றே தொழில் பழகிய ஆட்கள் உண்டு என்பதெல்லாம் சுவிஸுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

1985 இல் பேர்ணில் வந்து இறங்கிய பெடியங்களை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்களே அவர்களில் ஒருவராகவும் இருக்கலாம். யாருடைய அளவுக்கோ தைத்த பெரிய கோட்டு, சட்டைப்பையில் நாலாக மடித்த அகதிக் கடிதம், உணவகமொன்றின் நிலவறையில் கோப்பை கழுவும் வேலை. பேர்ண் பழைய நகரத்தில் வீதிக்கு நடுவே, 16ஆம் நூற்றாண்டில் நிறுத்திய சிலைத்தூண்களோடு தண்ணீர்த் தொட்டிகள் இருக்கின்றன. ஒன்றின் உச்சியில் ஓர் அரக்கன் ஒரு குழந்தையைத் தலைப்பக்கமாக விழுங்கிக்கொண்டிருப்பான். எனக்கு அரக்கன் பெரிதாகத் தெரியவில்லை. இராவும் பகலும் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்தான் பெரிதாகத் தெரிந்தது. முதல் நாள் வேலை முடிந்து நடுச்சாமத்தில் வரும்போது, யாரோ பைப்பைப் பூட்ட மறந்துபோனார்கள் என்று இரங்கி, திருகுபிடியை இருட்டில் தடவித் தடவித் தேடினேன். நாயோடு உலாவ வந்த ஒரு கிழவர், தன் நகரத்தை ஒருவன் நிறுத்தப் பார்க்கிறான் என்பது விளங்காமல், மிகுந்த மரியாதையோடு இரவு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் நாலு பேர் இரண்டு அறைகளில் குடியிருந்த இடத்தின் பெயர் பெத்லகேம். பேர்ணின் மேற்கே, 1950களின் கடைசியிலிருந்து எழும்பிய தொடர்மாடிகள் நிறைந்த பகுதி அது. கடித உறையின் பின்பக்கத்தில் அந்த முகவரியைப் பார்த்துவிட்டு அம்மா, “என்ன மோனை, வேதத்துக்கு மாறிப்போட்டியோ?” என்று நீலநிற எயார்மெயில் தாளில் கலங்கி எழுதியிருந்தா. இல்லை என்பதற்குச் சாட்சியாகக் குசினிச் சுவரில் ஒரு முருகன் கலண்டர் எங்களிடம் இருந்தது. அது அங்கே வந்த காரணத்தை மட்டும் நான் அம்மாவுக்கு எழுதவில்லை.

குசினிக்கும் குளியலறைக்கும் நடுவிலிருந்த சுவரில் ஒருநாள் உள்ளங்கை அளவில் ஓர் ஈரத்திட்டு தெரிந்தது. முதல் வாரம் அது இலங்கைப் படம்போல இருக்கிறது என்று ரசித்தோம். மட்டக்களப்பு எங்கே வரும் என்று விரல் வைத்துச் சண்டையும் பிடித்தோம். இரண்டாம் வாரம் அது இந்தியாவாக வளர்ந்தபோது பயம் பிடித்தது. வீட்டைப் பழுதாக்கிவிட்டார்கள் என்று துரத்தினால் எங்கே போவது? எனவே முருகனைக் கொண்டுபோய் அதன்மேல் மாட்டினோம். குறையைக் கண்டால் வீட்டுக்காரருக்கு அறிவிக்கவேண்டும், அறிவிக்காமல் விட்டு வருகிற நட்டம் குடியிருப்பவர் தலையில் என்று சுவிஸ் சட்டத்தில் எழுதியிருக்கிறது. அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் முருகனைத்தான் நம்பியிருப்போம். மூன்றாம் வாரம் வேலவனின் முழங்கால் வரை ஈரம் ஏறியது.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்அப்வார்ட்டிடம் போய்ச் சொல்ல நான் தெரிவானேன். நால்வரில் ஜேர்மன் சொற்கள் நாற்பதாவது வைத்திருந்தவன் நான்தான். அந்த நாற்பதில் கசிவு இல்லை. தமிழில் கசிவது என்றால் கண்தானே என்று கணக்குப் போட்டு, “டி வாண்ட் வைன்ட்” என்றேன். சுவர் அழுகிறது என்று அர்த்தம். அவர் காதில் விழுந்தது “வைன்” மட்டும். சுவருக்குள் வைனா என்று என்னை முந்திக்கொண்டு படியேறினார். கலண்டரைத் தூக்கிப் பார்த்தார், திட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு படியில் உட்கார்ந்து சிரித்தார். அதற்குப் பிந்திய வருடங்களில் என்னைக் கண்ட இடமெல்லாம் அவர் சுகம் விசாரித்தது அந்த ஒரு கேள்வியால்தான்: “சுவர் அழுகிறதா?”

மறுநாள் வந்த குழாய்க்காரருக்கு அறுபது வயதிருக்கும். கையில் ஓர் இரும்புக் கம்பி, அதன் மேல்முனையில் காதில் வைக்கச் சின்னக் கிண்ணம்போல ஒரு கட்டை. கம்பி நுனியைக் குழாயில் ஊன்றி, கட்டையைக் காதில் பொருத்தி, கண்ணை மூடினார். எங்கள் ஊர்ப் பரியாரியார் நாடி பிடிக்கும்போது முகம் அப்படித்தான் இருக்கும். அழுத்தத்தோடு வரும் தண்ணீர் ஊசித்துளையால் சீறும்போது குழாய் அதிரும், துளைக்குக் கிட்டப் போகப் போக அந்தச் சீறல் கூடும் என்று கையாலும் வாயாலும் எனக்கு நடித்துக் காட்டினார். ஈரம் தெரிகிற இடத்தில் துளை இராது. தண்ணீர் குழாயின் முதுகோடு நடந்து, தனக்கு வசதியான இடத்தில்தான் இறங்கும். சொல்லிக்கொண்டிருந்தவர் ஒன்பது மணிக்குக் கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். உள்ளே றைன் அருவியே விழுந்தாலும் ஒன்பது மணிக்கு ‘ஸ்னூனி’: ரொட்டி, பாற்கட்டி, கோப்பி. நாங்கள் கொடுத்த மிளகாய் வடையைத் தின்றுவிட்டு, சுவருக்கு முதல் அவர் அழுதார்.

பதினொரு டைல்களை உளியால் கொத்தித்தான் துளையைக் கண்டார். புதுக் குழாயின் மரைகளில் பொன்னிறத் தும்பைச் சுற்றி, பசை பூசி முறுக்கினார். அந்தத் தும்பும் பசையும் கலந்த வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. என்ன தும்பு என்று கேட்டேன். ஹான்ஃப் என்றார். இரவு அகராதியைத் திறந்தால் கஞ்சாச்செடி என்று போட்டிருந்தது. நால்வரும் விடியும்வரை கண் மூடவில்லை. வீட்டுச் சுவருக்குள் கஞ்சாவை வைத்துப் பூசியிருக்கிறார்கள். பொலிஸ் நாயோடு வந்தால் எந்த ஜேர்மனில் பதில் சொல்வது?

மூன்று நாள் எங்களுக்குத் தண்ணீர் இல்லை. கீழ்வீட்டில் தனியாக இருந்த மூதாட்டியின் கூரையிலும் எங்கள் இந்தியா இறங்கியிருந்தது. பத்து மணிக்குமேல் கக்கூஸில் தண்ணீர் இழுத்தால்கூட அவர் பொலிஸைக் கூப்பிடுவார் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அதுவரை அவர் கதவைப் பூனைபோலக் கடந்தவர்கள் நாங்கள். அவரோ மேலேறி வந்து, ஒரு கையில் வாளியும் மறுகையில் அப்பிள் கேக்குமாக நின்றார். மூன்று நாளும் அவர் குசினியில் நிரப்பி, படிகளில் சுமந்தோம். நான் மட்டும் ஒரு துளி சிந்தாமல் ஏறினேன். ஊரில் கற்ற ஒரே கலை அங்கே உதவியது. “எஸ் ட்ரொப்ஃப்ட்”, சொட்டுகிறது என்று சொல்லவேண்டும், சுவர் அழாது என்று வாளி நிறையும் நேரத்தில் எனக்குப் பாடம் நடத்தினார். வகுப்பில் படித்ததைவிட அவருடைய பைப்படியில் நான் கற்ற ஜேர்மன் அதிகம். குழாய் சரியான நாள் அவருக்கும் எங்களுக்கும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அந்த வீட்டில் பாதிக் குழாய் சுவருக்கு வெளியிலேயே ஓடும். நாங்கள் அதில் துவாய் காயப்போடுவோம். ஆனால் குழாயை மறைக்கிற ஆசை இந்த நாட்டில் அப்போதே பழையது. றாப்பர்ஸ்வில் நகரத்தில் 1874 இல் ஒரு தகரவேலைக்காரர் தொடங்கிய கெபெரிட் கம்பனி, 1905 இல் ஈயத்தகடு பதித்த மரத்தொட்டி செய்து கக்கூஸுக்கு மேலே தொங்கவிட்டது. 1964 இல் தொட்டியையே சுவருக்குள் புதைக்க வழி செய்தது. நான் கோப்பை கழுவி, பிறகு சமைத்து, பிறகு கடன்பட்டு, இருபது வருடத்துக்கு முன் சொந்தமாகத் தொடர்மாடி வீடு வாங்கியபோது, “ஒண்டும் வெளியில தெரியக்கூடாது” என்று கூடக் காசு கொடுத்து எல்லாவற்றையும் புதைப்பித்தேன். ஈரத்தைக் கலண்டரால் மறைத்த பெடியன், குழாயை மாபிளால் மறைக்கிற அளவுக்கு முன்னேறியிருந்தான்.

போன கோடையில் குளியலறைத் தரையில் ஓரிடம் இதமாகச் சுட்டது. நிலச்சூடாக்கி பூட்டிக் கிடக்கிற காலம். நானோ எதையும் யோசிக்காமல், வயதான காலுக்கு நல்லது என்று இரண்டு வாரம் அந்த இடத்திலேயே நின்று பல் தீட்டினேன். பிறகு நிர்வாகத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கீழ்வீட்டுக்காரர் தன் கூரைத் திட்டை நாலு பக்கத்தாலும் படமெடுத்து, அம்புக்குறி போட்டு அனுப்பியிருந்தார். பதினெட்டு வருடமாக என் காலுக்குக் கீழே வாழ்கிறவரின் பெயரை அன்றைக்குத்தான் வாசித்தேன்.

முதலில் தொட்டியைச் சந்தேகித்தேன். வெள்ளைச் சட்டைக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து அதில் ஊற்றி அரைமணி நேரம் காத்திருந்தால், அடைப்பு றப்பர் விடுகிறதா என்று தெரிந்துவிடும். விட்டால் கீழே கோப்பைக்குள் நீலம் இறங்கும். இறங்கவில்லை. அது தெரியாமல் தண்ணீர் இழுத்த மகள்தான் அலறினாள். அன்றிரவு எல்லாப் பைப்பையும் பூட்டி, மீற்றரின் எண்ணைக் கடதாசியில் எழுதிவைத்துப் படுத்தேன். எல்லாரும் நித்திரையாகக் கிடந்த வீட்டில் விடியும்போது 38 லீற்றர் ஓடியிருந்தது.

ஒழுக்குத் தேட வந்த பெடியனுக்கு முப்பது வயதுக்குள். இரண்டு பெட்டி நிறையக் கருவிகள், வாய் நிறையப் பேர்ண் ஜேர்மன், முகம் மட்டும் எங்கள் முகம்.

“தம்பி எந்த ஊர்?”

“பேர்ண்.”

“அதில்லை, அப்பா அம்மா?”

“ஆ, புங்குடுதீவு. நான் ரெண்டு தரந்தான் போனனான், அங்கிள்.”

நல்ல தண்ணீருக்காக மைல் கணக்கில் நடந்த தீவின் பிள்ளை, சுவிஸ்காரரின் தண்ணீர் வீணாகாமல் பார்க்கிறான். வெப்பக் கமராவைத் தரையில் காட்டினான். நான் காசு கொடுத்துப் புதைத்த குழாயெல்லாம் திரையில் செம்மஞ்சள் கோடுகளாக எழுந்து வந்தன, நடுவில் பூசணிக்காயளவில் ஒரு வெளிச்சம். நான் பல் தீட்டிய இடம். இதிலும் பிடிபடாவிட்டால், குழாயை வெறுமையாக்கி ஐந்து வீதம் ஐதரசனும் மிச்சம் நைதரசனும் கலந்த வாயுவைச் செலுத்துவார்களாம்; ஐதரசன் மிகச் சின்னது, எந்த இடுக்காலும் மேலே வரும், மோப்பக் கருவி பிடித்துவிடும். கடைசியில் ஒரு நிச்சயத்துக்காகக் காதொலிக் கருவியை மாட்டி, ஒலிவாங்கியைத் தரையில் வைத்துக் கண்ணை மூடினான். அதே பரியாரியார் முகம்! நாற்பது வருடத்தில் மாறாமல் இருந்தது அது ஒன்றுதான்.

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. எங்கள் ஊரில் தண்ணீர் ஒளிந்ததில்லை தம்பி என்று துலாவையும் பட்டையையும் எடுத்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டவன், “சுன்னாகத்தில கிணத்துக்குள்ள எண்ணெய் வந்ததெண்டு அப்பா சொன்னவர். அதென்ன அங்கிள்?” என்றான். யாழ்ப்பாணமே சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் ஒளிந்திருக்கும் தண்ணீரின் மேல்தான் மிதக்கிறது என்பதும், மின்நிலையத்துக் கழிவெண்ணெய் யாருக்கும் தெரியாமல் அந்த இடுக்குகளில் இறங்கி, வாளியில் எண்ணெய்ப் படலமாக வந்த பிறகே சனம் அறிந்தது என்பதும், 2019 இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கட்டச் சொன்னது என்பதும் அப்போதுதான் என் பெருமைக்கு ஞாபகம் வந்தன. கமராவும் காதொலிக் கருவியும் அங்கே அல்லவா போயிருக்கவேண்டும்!

இரண்டே டைல்தான் கழற்றினான். தும்பு இல்லை, பசை இல்லை. இயந்திர இடுக்கி ஒரு தரம் கடித்தது, குழாய் பொருந்திவிட்டது. கோப்பி வேண்டாம் என்றான், அடுத்த வீடு காத்திருக்கிறதாம். பிறகு மூன்று வாரம் ஓர் உலர்த்தி இயந்திரம் இரவும் பகலும் உறுமியது. விடிய விடிய அதன் தொட்டியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் எடுத்து, பால்கனிச் சட்டியில் நிற்கும் கறிவேப்பிலைக்கு ஊற்றினேன்.

பற்றுச்சீட்டில் இரண்டு வரிகள் இருந்தன: தேடியதற்கு ஒன்று, திருத்தியதற்கு ஒன்று. தேடிய காசு திருத்திய காசின் மூன்று மடங்கு. ஒளிப்பதற்கு ஒருதரம், ஒளித்ததைக் காண்பதற்கு ஒருதரம் என்று இரண்டு தரம் கட்டியதைத்தான் நான் முன்னேற்றம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்று மாலை ஒரு தட்டு வடையோடு கீழ்வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் திகைத்து, மின்னஞ்சலே போதுமே என்றார். ஆனால் தட்டை வாங்கிக்கொண்டார்.

ஆகவே, வாசிக்கிற நீங்களும் இன்றிரவு பைப்பெல்லாம் பூட்டி, மீற்றர் எண்ணை எழுதிவைத்துப் படுங்கள். விடிய அது நகர்ந்திருந்தால் ஆளைக் கூப்பிடுங்கள். நகராவிட்டாலும் கீழ்வீட்டு மணியை ஒருதரம் அடியுங்கள்.