ஆழாக்கில் வேகம், படியில் அளவு

பெறுநர்:
இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், புதுதில்லி.

பொருள்: ஆழாக்குக்கும் படிக்கும் உள்ள வேறுபாட்டைப் போடிநாயக்கனூர் மலைச்சரிவிலிருந்து ஆணையத்தின் மேலான கவனத்துக்குக் கொண்டுவருதல் – தொடர்பாக.

பெருமதிப்புக்குரிய ஆணையத்துக்கு,

1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து, நாட்டின் தொலைத்தொடர்புக் கட்டணங்களையும் சேவைத் தரத்தையும் கண்காணித்து வரும் ஆணையத்துக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஏலக்காயை நம்பி வாழும் ஓர் ஊரின் எடைக்கணக்கு பொருட்டாகத் தோன்றாமல் போகலாம். ஆயினும், விளைபொருளையும் அதை விற்கும் முறையையும் ஏலம் என்ற ஒரே சொல்லால் குறிக்கும் இவ்வூராரும், அலைக்கற்றை ஏலத்துக்கு அடிப்படை விலையைப் பரிந்துரைக்கும் ஆணையமும் ஒரு வகையில் ஒரே தொழிலைச் சேர்ந்தோர் என்பதால், தொழில்முறை நட்பின் பேரில் இம்மடல் வரையப்படுகிறது.

கணினிச் செய்தி அனைத்தும் சுழி, ஒன்று என்னும் இரண்டே குறிகளால் ஆனது. அக்குறி ஒன்று பிட் எனவும், எட்டு பிட்டுகள் சேர்ந்தது பைட் எனவும் வழங்கும். தமிழரின் பழைய முகத்தலளவையில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்காகவும், இரண்டு உழக்கு ஓர் உரியாகவும், இரண்டு உரி ஒரு படியாகவும் கூடி, எட்டு ஆழாக்கு ஒரு படியாவதால், பிட்டை ஆழாக்கென்றும் பைட்டைப் படியென்றும் கொள்வதில் கணக்குப் பிழை ஏதும் இல்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வேகத்தை நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று ஆழாக்கில் அறிவிக்கின்றன. நாளொன்றுக்கு வழங்கும் தரவையோ ஜிகாபைட் என்று படியில் அளக்கின்றன. கம்பிவழிச் செய்தி குறி குறியாகச் செல்வதாலும், பைட்டின் நீளம் எட்டென்று நிலைபெறுமுன் கணினிக்குக் கணினி வேறுபட்டதாலும், வேகத்தைப் பிட்டில் எண்ணும் வழக்கம் பொறியாளரிடையே நேர்மையாகவே தோன்றியது. அது விளம்பரப் பலகையில் ஏறி எட்டு மடங்கு பெருத்துத் தெரிவதில் எவருக்கும் உள்நோக்கம் இருந்திருக்க முடியாது. பெரிய எண் இயல்பாகவே அழகுடையது.

ஆங்கிலத்தில் சிறிய 'பி' பிட்டையும் பெரிய 'பி' பைட்டையும் குறிக்க, எழுத்தில் பெரிது சிறிது பாராட்டாத தமிழில் மெகாபிட், மெகாபைட் இரண்டும் 'எம்பி' என்றே ஒலிக்கின்றன. கோபுரத்தின் அலை எட்டாத சரிவுகளில் பாறைமேல் ஏறிக் கைபேசியை உயர்த்திப் பிடிப்போர், தாம் எம்புவது பிட்டுக்கா பைட்டுக்கா என்று அறியாமலே எம்புகின்றனர்.

ஏலக்காய்க் கணக்கில் இத்தகைய மயக்கத்துக்கு இடமில்லை. செடியிலிருந்து பறித்த பச்சைக்காய் ஏறத்தாழ ஐந்து கிலோ, மலைத்தோட்டத்தார் 'ஸ்டோர்' என்று சொல்லும் உலர்த்தும் கூடத்தின் சூட்டில் நீர் வற்றி, ஒரு கிலோ உலர்காயாகிறது. நறுமணப் பொருள் வாரியம் போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடத்தும் மின் ஏலத்தில் திரையில் ஏறும் விலை உலர்காய்க்கு உரியது. பச்சை எடையைக் காட்டி உலர்காய் விலை கேட்பவரை அங்கே வியாபாரி என்று எவரும் அழைக்கமாட்டார்கள். காயின் பருமனை மில்லிமீட்டரில் பார்ப்பதோடு நில்லாமல், ஒரு லிட்டர் அளவையில் கொள்ளும் காயைக் கிராமில் நிறுத்து 'லிட்டர் எடை'யும் காண்பதால், தோல் பருத்து உள்ளே ஏலரிசி இல்லாத காய் உடனே அகப்பட்டுவிடும். தரவு வேகத்துக்கு இப்படியொரு லிட்டர் எடை கிடையாது.

இருந்தால் பின்வருவன தெரியவரும். நொடிக்கு 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட் ஆகும். அவ்வேகம் முழுமையாகக் கிடைக்குமாயின், நாள் முழுமைக்கும் வாங்கிய 2 ஜிகாபைட் 160 நொடியில், அதாவது உலை கொதிக்கும் முன்பே, தீர்ந்துவிடும். தீர்ந்தபின் வேகம் 64 கிலோபிட்டாகக் குறைக்கப்பட்டால், அது நொடிக்கு 8 கிலோபைட் ஆதலால், ஒரு மெகாபைட் அளவுள்ள ஏலக்காய்ப் படமொன்று வாங்குபவரைச் சென்றடைய 125 நொடி ஆகும். அகலக்கற்றை என்ற பெயருக்குத் தகுதியான குறைந்தபட்ச வேகத்தை அரசு 2004இல் 256 கிலோபிட் என்றும், 2013இல் 512 கிலோபிட் என்றும், 2023இல் 2 மெகாபிட் என்றும் வகுத்தது. இந்த 2 மெகாபிட்டைப் பைட்டில் சொன்னால் 250 கிலோபைட் ஆகும். பத்தொன்பது ஆண்டுகளில் 256 என்ற எண் 250ஆகி, பிட் பைட்டாக மாறியிருக்கிறது என்று இச்சாதனையைச் சுருக்கமாகக் கூறலாம்.

ஒரு ஜிகாபைட் ஆயிரம் மெகாபைட்டா, 1024 மெகாபைட்டா என்ற கிளைவழக்கும் உண்டு. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998இல் 1024ஐ அடியாகக் கொண்ட அளவுகளுக்குக் கிபி, மெபி, கிபி என வேறு முன்னொட்டுகள் வழங்கித் தீர்ப்பளித்தது. அவற்றுள் முதலதும் மூன்றாவதும் தமிழில் ஒரே எழுத்தில் வருவதால், அவ்வழக்கு இங்கே மேல்முறையீட்டில் இருக்கிறது.

இம்மடலின் வேண்டுகோள் சிறியது: விளம்பரத்திலும் விலைப்பட்டியலிலும் வேகம் எந்த எழுத்தளவில் அச்சிடப்படுகிறதோ, அதே எழுத்தளவில் நொடிக்கு இத்தனை மெகாபைட் என்பதும் அருகிலேயே அச்சிடப்பட வேண்டும். அளவு மாற்றம் கடினமான வேலை என்பதைப் போடி அறியும். மதுரை–போடி ரயில்பாதையை 1000 மில்லிமீட்டரிலிருந்து 1676 மில்லிமீட்டருக்கு அகலப்படுத்த 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட ரயில், 2023 ஜூன் 15 அன்றுதான் போடிக்குத் திரும்பியது. இடையில் கழிந்தவை பன்னிரண்டரை ஆண்டுகள். நூறை எட்டால் வகுத்தாலும் பன்னிரண்டரைதான் வருகிறது; ஆனால் அதற்கு நிலம் கையகப்படுத்த வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஏலமலைச் சரிவில் எட்டால் வகுக்கப் பழகியோர்.